குழாய் அக்காவின் கை

அந்த வார்டில் ஒரு பிள்ளைக்குக் காற்றுப் பிரிந்தால் போதும், பெற்றவர்கள் பரீட்சையில் பாஸானதுபோல் சிரிப்பார்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இல்லாமல் பிறந்த குழந்தைகள். உள்ளே போனது தானாக வெளியே வராது. வயிறு உப்பிக்கொண்டே போகும். ஆபரேஷன் வரைக்கும் ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, வெதுவெதுப்பான உப்புநீரால் குடலைக் கழுவிவிட வேண்டும். அந்த வேலையைப் பார்க்கும் நர்சை எல்லோரும் ‘குழாய் அக்கா’ என்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே முழிப்பார்.

அக்கா கை வைத்தால் வயிறு வடிந்துவிடும். பிள்ளை வீறிட்டு அழுதாலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. வேலைக்கு வந்த புதிதில் பாத்ரூமுக்குள் போய் அழுதவள்தான். பிழைக்காமல் போன பிள்ளைகள் சிலதைப் பார்த்தபின் அழுகை நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த இளம் தாயிடம், பிள்ளைக்கு அவளே கழுவிக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டிலோ மூத்தது இவள் முகத்தை மறந்து, அத்தையை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

இவளிடம் இருந்த கோளாறு ஒன்றுதான். பாவம் பார்த்துவிடுவாள். பிள்ளை சிணுங்கியதும் குழாயைப் பாதியில் நிறுத்துவாள். காற்று உள்ளேயே நின்றுவிடும்.

“குழாய் முட்டினா நிறுத்து. அழுதா நிறுத்தாதே,” என்றாள் அக்கா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“உங்களுக்கு மட்டும் எப்படிக்கா கை நடுங்க மாட்டேங்குது?”

“மூஞ்சியப் பாக்காதே. உன் புள்ளைன்னே நினைக்காதே. வெறும் வயிறுன்னு நினை.”

தாய் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். பிள்ளை சிவந்துபோய்க் கத்தியது. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. நீரை விட்டுக் காத்திருந்தாள். நாற்றத்தோடு எல்லாம் கொட்டியது. காற்று ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு பிரிந்தது.

“அடி சக்கை!” என்றார் பக்கத்துக் கட்டில் அப்பா.

தாய் சிரிக்கவில்லை. பிள்ளை கையை நீட்டித் துழாவியது. அவள் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது எப்பக்கா செய்யணும்?” குரலில் ஒன்றுமே இல்லை.

அந்த முகத்தை அக்கா தினமும் கண்ணாடியில் பார்ப்பவள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் குனிந்து ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

“மொதல்ல புள்ளையத் தூக்கும்மா,” என்றாள்.

“இருங்கக்கா, இதக் கழுவி வச்சிட்டு.”