போர்டில் இன்னும் செல்வம் பெயர்

இன்று கும்மிடிப்பூண்டியில் செல்வத்தின் பட்டறைக்குப் போனேன். பொன்னேரிப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். உட்கார வைக்கப்பட்டவன் என்பதே சரி.

டீ ஆறுவதற்குள் புதுத் தொழிலுக்கு யோசனை சொன்னான். பாதியில் எழுந்து போய்விட்டான்.

சுவரில் வெள்ளை போர்டு. "செல்வம் – அடங்கவில்லை."

தெரிந்த கையெழுத்து! அன்றைக்கு எங்கள் வகுப்பு லீடர் சுமதி, இன்றைக்கு அவனுடைய மேனேஜர்.

"கைல கீற ஆர்டர முடிக்காம புதுசா எதனா ஆரம்பிச்சா எழுதிடுவேன்," என்றாள். "முன்னாடி ரெண்டு கம்பெனிய அப்டித்தான் மூடுனான்."

"நீயே ஒண்ணு ஆரம்பிக்கலாமே?"

"அந்த தைரியம் அவனுக்குத்தான் கீது."

செல்வம் திரும்பி வந்தான். "ஒண்ணுலயும் மனசு நிக்காத கோளாறு, ஏடிஎச்டின்னு டாக்டர் இப்பதான் சொன்னாரு. இவ ஆறாங்கிளாஸ்லயே எழுதிட்டா."

அப்போது பெயரை அழிக்கச் சொல்லி அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தருவான். இப்போது எழுதச் சொல்லிச் சம்பளம் தருகிறான்.

என் பெயர் அந்த வகுப்பு போர்டில் ஒருநாளும் வந்ததில்லை. உங்கள் பெயர்?