தணிகாசலத்தின் எச்சில்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எச்சில் படாத சுவர் ஒன்றைக் காட்டச் சொன்னால் ஊரே திருதிருவென்று விழிக்கும். வெற்றிலை, பாக்குப் பொட்டலம், காலைச் சளி என்று எல்லாவற்றுக்கும் சுவரில் இடமுண்டு. அந்த ஊரில் தணிகாசலம் துப்பினால் மட்டும் குற்றமாக இருந்தது. பிறகு அதுவே அருளாகிவிட்டது. இரண்டில் எது அதிகம் குமட்டுகிறது என்று கேட்டால், அவர் யோசிக்காமல் அருளைத்தான் சொல்வார்.

சின்ன வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கியது, பிறகு கழுத்து வெட்டலாயிற்று. கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது இது: தொண்டையிலிருந்து ‘ஹ்ருக்’, அதன் வாலாக ஒரு ‘தூ’. தும்மலுக்கு முன் மூக்கில் குறுகுறுக்குமே, அதுபோலத் தொண்டையில் ஒன்று கிளம்பும். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அடக்கியதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். தன்னைப் பார்த்துத்தான் பையன் துப்புகிறான் என்று தெலுங்கு வாத்தியார் வெளுத்தார். பயத்தில் துப்பல் இரட்டித்தது. பொல்லாத மாணவனென்று பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை முடித்தார்.

விசைத்தறிதான் அவரைக் காப்பாற்றியது. தாமோதரனின் தறிக்கொட்டகையில் இடி விழுந்தாலும் பக்கத்துத் தறிக்காரனுக்குக் கேட்காது. கரெண்ட் போகும்போதுதான் மானமும் சேர்ந்து போகும். கொட்டகை சட்டென்று அடங்க, ‘ஹ்ருக், தூ’ மட்டும் அநாதையாக நிற்கும்.

ஓர் ஆடி வெள்ளியன்று அப்படிக் கரெண்ட் போன வேளையில், முதலாளியின் மனைவி கிருஷ்ணம்மா முட்டிவலியோடு உள்ளே வந்தார். எச்சில் நேராக அவர் காலில் விழுந்தது. தணிகாசலத்துக்கு உயிர் போய்விட்டது. மறுநாள் கிருஷ்ணம்மாவின் முட்டிவலி போய்விட்டது. முந்தின மாலை புத்தூரில் ஊசி போட்டுக்கொண்டதை அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை.

எச்சில் பட்டு வலி போனதென்று ஊர் பேச, அடுத்த வெள்ளி தணிகாசலத்தின் வாசலில் கூட்டம் கூடியது. எந்தத் தொழிலும் உருப்படாமல் சுற்றிக்கொண்டிருந்த மைத்துனன் முரளி மஞ்சள் வேட்டியும் எலுமிச்சைக் கூடையுமாக வந்து, வேட்டியை மாமாவுக்குக் கட்டிவிட்டு, அவர்மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று அறிவித்தான். ஜனங்கள் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்கள். ஏந்தினார்கள், நெற்றியில் பூசினார்கள். நேற்றுவரை முந்தானையால் மூக்கை மூடிய பெண்கள் தணிகாசலத்தின் மனைவியை ‘அம்மா’ என்றார்கள். அவளுக்கும் அது கசக்கவில்லை.

சாமியை வேலை ஏவுவது பாவம் என்று தாமோதரன் அவருடைய தறியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். கை சும்மா இருந்தது, துப்பல் பெருகியது. அருள் பெருகியதென்று கூட்டமும் பெருகியது.

ஒருநாள் ஒரு தாய் அந்த எச்சிலை விரலால் தொட்டுக் கைக்குழந்தையின் நாக்கில் வைத்தாள். தணிகாசலம் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தார். அதற்கும் முரளி வெளியே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

திருப்பதியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் காவ்யா அந்த வாரம் வந்திருந்தாள். “நைனா, இது சாமியும் இல்ல, திமிரும் இல்ல. கெளம்பு,” என்று மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் மூளைப் படம் ஒன்றைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். எல்லோர் மூளையிலும் வேண்டாத அசைவுகள் கிளம்பிக்கொண்டேதான் இருக்கின்றன. வேண்டியதை விட்டு மற்றதைத் தடுக்க, மூளையின் அடியாழத்தில் நரம்பு முடிச்சுகள் காவல் இருக்கின்றன. இவருக்கு அந்தக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் லொடலொட. டோபமைன் என்ற ரசாயனத்துக்கும் அதில் பங்குண்டு. டூரெட் என்று பெயர். பயந்தால் கூடும், கை ஒரு வேலையில் ஆழ்ந்தால் குறையும். மாத்திரை குறைக்கும், துடைத்துவிடாது.

“அப்ப வாத்தியார் அடிச்சது?” என்று கேட்டார் தணிகாசலம்.

அதற்கு டாக்டரிடம் மாத்திரை இல்லை.

மாத்திரை தூக்கத்தையும் தொப்பையையும் கொடுத்தது. சில வாரங்களில் குறுகுறுப்பையும் தணித்தது. முரளி மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“மாமா, வெள்ளிக்கெழம மட்டும் அத்த துன்னாதே. ஜனம் நம்பிக்கினு வர்து.”

“நா தறிக்குப் போணும்டா.”

“சாமி தறி ஓட்டுமா, மாமா?”

அந்த வெள்ளியும் கைகள் குவிந்தன. கூட்டத்தைப் பார்த்ததும் தொண்டையில் பழைய குறுகுறுப்பு எட்டிப் பார்த்தது. தணிகாசலம் அதை விழுங்கினார். உள்ளேயே தங்கிற்று. வட்டி கேட்கவில்லை. நேரம் போனது, கைகள் வலித்தன. வாயைத் திறக்கச் சொல்லி முரளி காதில் கெஞ்சினான். அவர் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

கூட்டம் முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் குவித்த கையை உதறி எழுந்து, “ஏமாத்துக்காரப் பய,” என்று வாய் நிறைய வெற்றிலைச் சாற்றை வாசற்படியில் காறித் துப்பினார். எந்தத் தாழ்ப்பாளும் கழன்று வந்ததல்ல அது. முழுச் சுகமுள்ள மூளை, நன்றாக யோசித்துத் துப்பியது. பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்று துப்பிவிட்டுப் போனார்கள்.

படி சிவந்து வழிந்தது.

“இன்னாடா பாத்துக்கினு கீற,” என்றார் தணிகாசலம். “கைய நீட்டிப் புடி. எல்லாம் பிரசாதம்தான்.”

முரளி மூக்கைப் பொத்திக்கொண்டான். தணிகாசலம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினார். மஞ்சள் வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு தாமோதரனிடம் நடந்தார்.

“இப்ப நா சாமி இல்ல முதலாளி. ஊரே துப்பிட்டுப் போச்சி. என் தறியக் குடு.”