உயிரோடு இருப்பவர்களுக்கான ஜெபம்

அயர்லாந்தில் நான் நர்ஸாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மதிய இடைவேளை வந்தால் எல்லோரும் மைக்ரோவேவ் முன்னால் போய் நிற்பார்கள். நான் மட்டும் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து, தலையைக் குனிந்துகொள்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மௌரீன் கார் கண்ணாடியைத் தட்டினாள். என்னோடு வேலை செய்பவள், என் அம்மா வயது. "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றாள். நான் மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினேன். போ என்று விரட்டுவதாக எடுத்துக்கொண்டு, ரெண்டு நாள் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அப்பா ஜெபம் பண்ணும்போது நடுவில் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட ஆமென் வரைக்கும் அம்மா எழுந்திருக்க மாட்டாள்.

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே சென்னைப் பக்கம் முடிச்சூரில், எங்கள் வீட்டில், குடும்ப ஜெபத்தின் நேரம். வீடியோ காலில் நானும் சேர்ந்துகொள்வேன். அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஜெபமும் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான். தெருமுனை மளிகைக் கடையில் ஆரம்பித்து, ஒரு வீடு விடாமல் வருவார். எதிர்வீட்டு செல்வி அக்காவின் முழங்கால் வலிக்கு எப்போதும் ஒரு தனி வரி உண்டு. வெள்ளம் வந்தபோது எங்கள் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். செல்வி அக்கா வீட்டு மாடியில்தான் நாங்கள் தங்கினோம். அன்றைக்கு மாடியில் நின்று அப்பா சத்தமாக ஜெபித்தார், செல்வி அக்கா பக்கத்தில் நின்று பெருமாளைக் கூப்பிட்டாள். யார் கேட்டதற்குத் தண்ணீர் வடிந்தது என்று இரண்டு பேரும் இன்றுவரை சண்டை போட்டதில்லை. தெருவை முடித்துவிட்டு அப்பா ஊரப்பாக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவார். அங்கிருந்து ஒரே தாவில் அயர்லாந்து. எட்வின், என் கணவர். பிறகு நான். இந்த வருஷம் எனக்குப் பின்னால் இன்னொரு வரி சேர்ந்தது. "எங்கள் மகளின் வயிற்றில் வளருகிற அந்தச் சின்ன ஜீவனையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், ஆண்டவரே."

அந்தச் சின்ன ஜீவன் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. ஒரு காலையில் அசைவு இல்லாதது போல இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்கேன் எடுத்த பெண் பேசுவதை நிறுத்தினாள். நானும் நர்ஸ்தானே, அந்த மௌனம் எனக்குத் தெரியும். கம்பளி நூலில் பின்னிய சின்னப் போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். இங்கே எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு ஓரம் இருக்கிறது. அங்கே வைத்தோம். மழைத் தூறலில் எட்வின், நான், குடையோடு மௌரீன். அவ்வளவுதான் கூட்டம். நம் ஊரில் ஒரு சாவு என்றால் தெருவே வந்து நிற்கும். இங்கே குடை பிடிக்க ஒருத்தி வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு பிரஷர் என்பதால் தள்ளிப்போடுகிறேன் என்று எட்வின் நினைத்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையான காரணம் எங்கள் மாமா, ஊரப்பாக்கம் அத்தையின் கணவர். நான் பள்ளியில் படிக்கும்போது அவர் மாதக்கணக்கில் சீரியஸாகக் கிடந்தார். ஒருநாள் தவறாமல் அப்பா அவர் பெயரைச் சொல்லி மன்றாடினார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையும் ஜெபம் நடந்தது. அத்தை பெயர் வந்தது, பிள்ளைகள் பெயர் வந்தது, மாமா பெயர் மட்டும் இல்லை.

"மாமா பேரை ஏம்ப்பா விட்டுட்டீங்க?"

"அவரு ஆண்டவர்கிட்ட போயிட்டாரும்மா. இனிமே நம்ம ஜெபம் அவருக்கு வேண்டாம். ஜெபம் உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்."

எங்கள் சபையில் அதுதான் போதனை. நானும் அதில் வளர்ந்தவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் வயிறு காலியாகி வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. இந்த உலகத்தில் என் குழந்தை உயிரோடு இருக்கிற ஒரே இடம் அப்பாவின் ஜெபம்தான். நான் வாயைத் திறந்தால் அங்கிருந்தும் போய்விடும். அதனால் தினமும் காரில் உட்கார்ந்து, அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்து, கேட்டு, ஆமென் சொன்னேன். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். இல்லாத குழந்தைக்கு அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன்.

அங்கே காரியங்கள் நடந்துகொண்டே இருந்தன. அம்மா, அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து, குழந்தைக்கு உறுத்தாத மாதிரி துண்டு துண்டாகக் கிழித்து மடித்து வைத்தாள். ஒருநாள் செல்வி அக்கா போனுக்குள் முகத்தை நீட்டினாள்.

"இன்னா பாப்பா, எளைச்சுப் பூட்ட? நல்லா துன்னு. முட்டி வலியோட திருநீர்மலை ஏறி உனக்கோசரம் வேண்டிகினு வந்துகீறேன். புள்ள தங்கமாட்டம் பொறக்கும், பாரு."

தலையாட்டினேன். போனில் முகம் மட்டும்தானே தெரியும்.

அந்த வாரம் மௌரீன் என்னிடம், "ஐ லிட் எ கேண்டில் ஃபார் தி பேபி" என்றாள். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு நிமிடம் விழித்தேன். பிறகுதான் புரிந்தது. அவள் கத்தோலிக்கப் பெண், இறந்துபோனவர்களுக்காக ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார்களாம். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்: "அப்படியென்றால் அவர்களை யார் பார்த்துக்கொள்வது?" அப்பாவிடம் பதில் இருக்கும்.

மறுநாள் ஜெபம் தொடங்கும் முன் அம்மா உற்சாகமாகச் சொன்னாள், "எங்களுக்கு விசா வந்துடுச்சுடி. உன் பிரசவத்துக்கு வர நாளைக்கு டிக்கெட் போடறோம்." அப்பா உடனே ஜெபத்துக்குள் போய்விட்டார். தெருமுனை, வீடுகள், செல்வி அக்கா, ஊரப்பாக்கம், நாங்கள், அந்தச் சின்ன ஜீவன். முடிந்தது. நான் ஆமென் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

"நெட்டு போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இருக்கேன். அப்பா, குழந்தை இல்லப்பா. போயிடுச்சு. மூணு வாரம் ஆச்சு."

அம்மா அலறியது கேட்டது. அப்பா அவளைச் சமாதானப்படுத்தவில்லை, என்னையும் எதுவும் கேட்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். போன் நின்றுவிட்டது. ஏன் சொன்னோம் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் ஒரு நாள் என் குழந்தை அந்த ஜெபத்தில் இருந்திருக்கும்.

அடுத்த நாள் போன் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தது. அப்பா பாயில் முழங்காலில் இருந்தார், பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா. மளிகைக் கடையில் தொடங்கினார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. வீடு வீடாக வந்தார். செல்வி அக்காவின் முழங்காலுக்கு இரண்டு வரி கூடுதலாகச் சொன்னார், மலை ஏறியவள் என்பதாலோ என்னவோ. அத்தை. எட்வின். நான். அடுத்த வரி இனி வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அப்பாவும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கு நடுவில் அவர் கண்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பொண்ணாம்மா, பையனா?"

அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்டிருக்கவில்லை.

"பொண்ணுப்பா."

"பொண்ணு" என்றார். கண்களை மூடிக்கொண்டார். ஜெபத்தை முடிக்க அவரால் முடியவில்லை. அம்மாதான் ஆமென் சொன்னாள்.

இப்போதும் தினமும் அப்பா கூப்பிடுகிறார். தெருவை முடித்து, ஊரப்பாக்கம் போய், கடல் தாண்டி எங்களிடம் வருகிறார். என் பெயருக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருக்கிறார். ஜெபிப்பதில்லை, அவர் வழக்கத்தை அவர் மாற்றவில்லை. நின்று காத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் கண்ணைத் திறந்து, காரின் கண்ணாடி வழியாக, கூரைகளுக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் பார்த்துக்கொள்கிறேன். போனில் முடிச்சூர் இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே என் மகள் இருக்கிறாள். பிறகு அப்பா ஆமென் என்கிறார். நானும் சொல்கிறேன்.