ஐந்து ஊசியும் ஒரு கார் சீட்டும்

பிரேக் அக்கா பத்தொன்பது வருடம் சம்பாதித்தது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் மூன்று கார்கள். மூன்றிலும் பயிற்சியாளரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. மற்ற இரண்டு பயிற்சியாளர்களும் அதை மிதிக்கும் முன்பே கத்திவிடுவார்கள். அக்கா கத்த மாட்டாள். கார் நேராகச் சுவரைப் பார்த்துப் போகும், கற்றுக்கொள்கிறவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார், சுவருக்கு இரண்டு சாண் முன்னால் கார் நிற்கும். "கண்ணைத் திறங்க, இன்னும் உயிரோடதான் இருக்கோம்" என்பாள். அப்படி வந்த பெயர்தான் அது.

நான் அதே ஸ்கூலில் முன்னறையில் உட்கார்ந்து படிவங்கள் நிரப்புகிறவள். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது, மீதி அக்கா சொல்லிக் கேட்டது.

நாற்பத்தாறு வயதில் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ என்றார் டாக்டர். முதல் கீமோ முடிந்த பத்தாம் நாள் அக்காவுக்கு லேசாகக் குளிர்ந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்துப் போய் மூடிவிட்டு வந்தாள். மறுபடியும் குளிர்ந்தது. காய்ச்சல். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் அதலபாதாளத்தில் கிடந்தன. நோய்க்கிருமி எது வந்தாலும் எதிர்த்து நிற்க உடம்பில் ஆளே இல்லை. ஆறு நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளிய நின்னு கை ஆட்டிட்டே இருந்தாரு. ஏதோ என்னை ரயிலேத்தி வழியனுப்புற மாதிரி. போங்க அந்தப் பக்கம்னு சைகை காட்டினேன்" என்று பிறகு சொல்லிச் சிரித்தாள். அன்று சிரித்திருக்க மாட்டாள்.

அதனால் இரண்டாவது கீமோவிலிருந்து புதிய ஏற்பாடு. கீமோ முடிந்த மறுநாள் தொடங்கி ஐந்து நாள், தினம் ஒரு ஊசி, வெள்ளணுக்களை ஏற்றிவிடுவதற்கு. மருந்து நிரப்பியே வரும் சின்ன ஊசி அது. வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, தோலுக்கு அடியில் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், யாராவது ஒருவர் பழகிக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்த சிஸ்டர்.

யாராவது ஒருவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர்தான். அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவர். நூறடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்றில் கூண்டு ஆடும்போதே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிற மனிதர். சிஸ்டர் ஊசியின் மூடியைக் கழற்றினார். அவர் "ம்ம்" என்று தலையாட்டினார். அடுத்த நொடி நாற்காலியோடு தடாலென்று பின்னால் சாய்ந்துவிட்டார். நோயாளி அக்கா, ஆனால் முதலுதவி இவருக்கு என்று ஆகிவிட்டது.

அக்கா தானே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். எதிரே லாரி வந்தாலும் நடுங்காத கை, அன்று ஊசியைத் தோலருகே கொண்டுபோவதும் திருப்பி எடுப்பதுமாகவே இருந்தது.

"வேற யாருமே இல்லையாம்மா?" என்றார் சிஸ்டர்.

"கீழ்வீட்டுல ஒருத்தர் இருக்காரு சிஸ்டர். ஊசி போடுறதுதான் வேலை."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எந்த ஆஸ்பத்திரி?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "நாய் ஆஸ்பத்திரி."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்த பிறகு, "வரச் சொல்லுங்க, நான் பழக்கிவிடுறேன்" என்றார்.

கீழ்வீட்டு கம்பவுண்டர் பேச்சில் கூச்சக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். செல்லப் பிராணிகள் கிளினிக்கில் நாய், பூனை, முயல் எதுவானாலும் பிடித்துக்கொள்வதும் ஊசி போடுவதும் அவர்தான். மறுநாளே சிஸ்டரிடம் போய், பஞ்சு மெத்தை போன்ற ஒன்றில் ஐந்தாறு முறை போட்டுக் காட்டிவிட்டு வந்தார். சிஸ்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டினார். ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். நேற்று போட்ட இடத்தில் இன்று போடக்கூடாது.

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வந்தார். கை கழுவினார். அக்கா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்ல பிள்ளை... நல்ல பிள்ளை... அசையக்கூடாது... அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்றது கம்பவுண்டரின் குரல்.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். ஊசி முடிந்திருந்தது. கம்பவுண்டரின் முகம் சிவந்துபோயிருந்தது.

"மன்னிச்சுக்குங்க அக்கா. பழக்கதோஷத்துல வாய்ல வந்துடுச்சு."

"பரவாயில்ல தம்பி. நாப்பத்தாறு வருஷத்துல என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்ல."

அதோடு விடவில்லை அந்த மனிதர். கையோ பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டது. நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஐயோ, இது மனுஷங்க சாப்பிடுறதுதான் அக்கா!" என்றார். அக்கா வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வலி வந்தது.

முதலில் இடுப்பில். பிறகு முதுகுத்தண்டின் அடியில். அப்புறம் நெஞ்செலும்பில். "சதையில வர்ற வலின்னா அமுக்கி விடலாம். இது எலும்புக்குள்ளருந்து யாரோ சுத்தியலால சுவரை இடிச்சு வெளிய வரப் பார்க்குற மாதிரி. துடிப்பு துடிப்பா வரும். எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது" என்றாள் அக்கா. நெஞ்சில் வந்ததும் அக்காவின் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டார். மருத்துவமனைக்கு ஃபோன் போட்டார். நெஞ்சு வலி என்றால் வந்து காட்டிவிடுவதுதான் சரி என்று உடனே வரச் சொன்னார்கள். இதயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பழுதில்லை.

அதே சிஸ்டர்தான் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கும்மா. வெள்ளணு உற்பத்தியாகுறது அங்கதான். இந்த ஊசி போய் அதை வேலை வாங்குது. ராவும் பகலும் ஷிப்டு போட்டு ஓடுற ஃபேக்டரி மாதிரி ஆயிடுது. அதனாலதான் பெரிய எலும்பா பார்த்து வலிக்குது, இடுப்பு, முதுகு, நெஞ்சு."

"இத்தனை நாளா சும்மா இருந்த சோம்பேறிங்களா எல்லாம்?" என்றாள் அக்கா.

"வலி மாத்திரை தர்றேன். ஆனா ஒண்ணு. போடுறதுக்கு முன்னாடி தவறாம காய்ச்சல் இருக்கான்னு பாருங்க. மாத்திரை போட்டுட்டா காய்ச்சல் தெரியாம ஒளிஞ்சுக்கும். காய்ச்சல் இருந்தா மாத்திரை போட்டுட்டு வீட்ல படுத்துக்கக் கூடாது, நேரா இங்க வந்துடணும்."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எவ்வளவு வலித்தாலும் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம்தான் மாத்திரை. அடுத்த சுற்றில் டாக்டர் கூடவே ஓர் அலர்ஜி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சிலருக்கு அது கேட்கும் என்றார். அக்காவுக்குக் கொஞ்சம் கேட்டது. கடைத்தெரு வரை மெதுவாக நடந்துவிட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டது. ஆனால் உட்காரத்தான் முடியவில்லை.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு நான் பார்க்கப் போனேன். அக்கா சமையலறை மேடையில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு துணித் தொப்பி.

"உட்காருங்கக்கா."

"எதுல உட்கார? சோபா அமுங்குது, நாற்காலி குத்துது. எப்படி உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு எலும்பு கோவிச்சுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கார்ல உட்கார்றேன் பாரு, அந்த அரைமணி நேரம்தான் சுகம்."

நான் திரும்பி வந்து முதலாளியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ஸ்கூலின் பின்பக்கம் ஒரு பழைய பயிற்சி கார், என்ஜின் கழற்றிய பிறகு நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்தது. அக்கா பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த கார். முதலாளி எழுந்து போய் ஸ்பானரை எடுத்தார். "அந்த சீட்டு அவ முதுகு அளவுக்குப் பள்ளமாயிருக்கு. வேற யாரு உட்கார்ந்தாலும் ஒத்துக்காது" என்றார். மற்ற இரண்டு பயிற்சியாளர்களும் சேர்ந்து சீட்டைக் கழற்றினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு இரண்டு மாடி ஏறுவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. வழக்கம் போல ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டே ஏறினார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் கனமான பலகைகளை அறுத்து அடியில் சட்டம் போட்டு சீட்டை ஜன்னலோரம் பொருத்தினார். அக்கா உட்கார்ந்தாள். சாய்வைக் கைப்பிடியால் ஒரு படி பின்னால் தள்ளினாள். "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் ஐந்து பேர் அந்தச் சின்ன அறைக்குள் வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் வீட்டுக்காரர் இன்னொரு வேலை செய்தார். வலி வரும்போது அக்காவின் வலது கால் தன்னையறியாமல் முன்னால் நீண்டு காற்றை மிதிப்பதை அவர் பார்த்துவிட்டார். அளவெடுத்து, சீட்டுக்கு முன்னால் சரிவாக ஒரு கட்டையை அடித்தார்.

"இது எதுக்குங்க?"

"காலை எங்க வெப்ப நீ?"

அதற்குப் பிறகு வலி துடித்து எழும்போதெல்லாம் அக்கா அந்தக் கட்டையை அழுத்தி மிதித்துக்கொண்டு மூச்சை விடுவாள். அதனால் வலி நிற்காதுதான். ஆனால் மிதிக்க ஏதோ ஒன்று இருந்தது. "சும்மா தாங்கிக்கிட்டுக் கிடக்கிறதுக்கும், ஏதோ பண்ணிக்கிட்டே தாங்குறதுக்கும் வித்தியாசம் இருக்குடி" என்றாள் என்னிடம்.

நான்காவது சுற்றில்தான் வேடிக்கை. ஊசி போட்டு மூன்றாம் நாள் ஆயிற்று, வலி வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் பதறிப்போனாள். ஃபேக்டரி மூடிவிட்டது என்று நினைத்தாள். மறுபடியும் அந்தக் கண்ணாடி அறைதான் என்று நினைத்தாள். வலி வந்துவிட்டதா என்று மணிக்கொருதரம் தன் இடுப்பைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டாளாம். கம்பவுண்டர் அவளைவிட மோசம்.

"மருந்து வெளிய கசிஞ்சிருக்குமோ அக்கா? நான் ஆழமாப் போடலையோ?"

"நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்க தம்பி. என் எலும்புதான் சரியில்ல."

"இல்லக்கா, தப்பு என்னுதுதான்."

இப்படி இரண்டு பேரும் மாறி மாறிப் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு ஒன்றாகவே போனார்கள். கம்பவுண்டர் அதற்காகக் கிளினிக்கில் அரைநாள் விடுப்பு போட்டார். முடிவு வந்தது. வெள்ளணுக்கள் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. கம்பவுண்டர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வலி வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் சிஸ்டர். "ஒரு தடவை வலிக்கும், ஒரு தடவை வலிக்காது. ஒருத்தருக்கு வலிக்கும், இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது. ரத்தம் சொல்றதுதான் கணக்கு."

ஐந்தாவது சுற்றில் வலி திரும்பி வந்தது. ஆனால் இம்முறை அக்கா அதற்குப் பயப்படவில்லை. ஆறாவது சுற்றின் கடைசி ஊசியன்று வீட்டுக்காரர் சமையலறைக்குப் போகவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் பஞ்சை வாங்கி அவரே அழுத்தினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் விழவில்லை.

சிகிச்சை எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். முதலில் காலை வகுப்புகள் மட்டும். முடி அரை விரல் வளர்ந்திருந்தது. அன்றைக்கு வகுப்பு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் எழுதத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதாசு எழுது. நன்றி சொல்லி."

"யாருக்குன்னு போடட்டும்?"

அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு அங்கே ஒருவர் பெயரும் தெரியவில்லை. ஆகவே, ஊசி போடக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு என்று தொடங்கினேன். பிறகு, ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கும் ரத்தம் எடுக்கிறவருக்கு. தனி அறையில் தரையைத் துடைக்கும்போதெல்லாம் ஏதாவது பேசிவிட்டுப் போன அம்மாளுக்கு. வலியைச் சொன்னபோது 'இதெல்லாம் சகஜம்' என்று தள்ளிவிடாமல் இன்னொரு மாத்திரை யோசித்த டாக்டருக்கு. கீழ்வீட்டுக்காரரும் முதலாளியும் மாடி ஏறிய இருவரும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். எழுதினேன். வீட்டுக்காரரைப் பற்றி வந்தபோது, "அவரைப் பத்தி வேணாம். அதை நான் நேர்ல சொல்லிக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் நானாக ஒன்று கேட்டேன். "வலிக்கும் ஒரு நன்றி போட்டுடலாமாக்கா? அதானே உங்களைக் காப்பாத்துச்சு. படிக்க நல்லா இருக்கும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வலிக்கு எதுக்கு நன்றி? அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போச்சு. வந்தப்ப கூட இருந்தவங்களை எழுது, போதும்."

நான்கு பக்கம் ஆகியிருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கார் சாவியை விரலில் மாட்டுவதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தாள். அக்கா எழுந்து, கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவளோடு காரை நோக்கி நடந்தாள்.