நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரு டீ வட்டமும்

சினிமாவுக்குக் கதை பண்ணுகிற தொழிலில் பேனாவைவிடத் தொண்டைதான் சீக்கிரம் தேயும். பையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும். எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது.

மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் ஒரு குழாய் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில், மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்து வீட்டுக்கு வந்து, மாடியறையில் உட்கார்ந்து ஒரு திரைக்கதை எழுதினேன். என் மனைவி செல்வி முகப்பேரில் கணக்கு டீச்சர். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது இதுதான்: ஜூன் முடிவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையைப் படமாக எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் மஸ்கட். ஜூனுக்குப் பிறகு அங்கே என் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும்.

கதை சின்னதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே தரம் பார்க்கும் செக்கராக இருக்கும் ஒரு பெண், குறையுள்ள பாகங்கள் கொண்ட ஒரு லாட்டைப் பாஸ் பண்ண மாட்டேன் என்கிறாள். மொத்தக் கம்பெனியும் அவள் மேல் ஏறி உட்காருகிறது. அவள் அசையவில்லை. அவ்வளவுதான்.

கதை எங்கே?

முதலில் போனது வடபழனி பக்கம் ஒரு தயாரிப்பு அலுவலகம். அங்கிருந்த மேனேஜர் என் திரைக்கதையை வாங்கி, கறிக்கடையில் எடை பார்ப்பதுபோல் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அதற்குள் டீ வந்தது. மேஜையெல்லாம் ஃபைல்கள். கிளாஸ் வைக்க இடம் தேடியவர், கடைசியில் என் கதையின் மேலேயே வைத்துவிட்டு, “சொல்லுங்க சார், கதை என்ன?” என்றார்.

“கிளாஸுக்குக் கீழ இருக்கு சார். நூத்திப் பன்னெண்டு பக்கம். வசனத்தோட.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “யார் சார் படிப்பாங்க? ப்ரொட்யூசர் படிக்க மாட்டாரு. ஹீரோ படிக்க மாட்டாரு. நான் படிச்சிட்டு உக்காந்திருந்தா வேலை இல்லாதவன்னு நெனைப்பாங்க.” கிளாஸை எடுத்தார். வெள்ளை அட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் அழகாக விழுந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட முயலாமல் என்னிடம் நீட்டினார்.

“இது பேப்பர் சார். கதை உங்க வாயில இருக்கணும், போய் எடுத்துகினு வாங்க!”

கொத்தவரங்காய்

வாய்க்குக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமாக இல்லை. ஐந்தாவது வரை தமிழில் படித்து, ஆறாவதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியவன் நான். என்ன நடக்கிறது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வருகிறது; எதற்காக நடக்கிறது என்று சொல்லத் தமிழ்தான் வருகிறது. திரைக்கதையையும் அப்படித்தான் எழுதியிருந்தேன், காட்சி விவரமெல்லாம் ஆங்கிலம், வசனம் தமிழ். அதை வாயால் சொன்னால் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது போலிருந்தது.

செல்வியை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “இன்டீரியர். ஃபேக்டரி. டே” என்று ஆரம்பித்தேன். கேமரா எங்கிருந்து நகர்கிறது, வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது என்றெல்லாம் விளக்கினேன். பத்து நிமிடம் ஆனது. காய் பாதி முடிந்திருந்தது. அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை.

“பிடிக்கலையா?” என்றேன்.

“ஜன்னலெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. அந்தப் பொண்ணு ஏன் மாட்டேங்கறா, அதைச் சொல்லுங்க, நான் கத்தியக் கீழ வெக்கறேன்.”

நம்ம லேஅவுட்

அதன்பிறகு காலையில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பழகினேன். அந்தப் பெண் திட்டு வாங்கும் இடத்தில் நான் குனிவேன், அவள் எதிர்த்துப் பேசும் இடத்தில் கையை நீட்டுவேன். நடைப்பயிற்சிக்காரர்கள் கொஞ்ச நாளில் எனக்குத் தாராளமாக வழிவிட ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் முழுக்கதையும் வாயில் நின்றது. எட்டுப் பேரிடம் சொன்னேன். எட்டுப் பேரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதாவது ஆள் திருநின்றவூரில் மனை விற்பவர். படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏரிக்கு அந்தப்பக்கம் கல் நட்டு வைத்திருந்த ஒரு காலி மைதானத்தில், ஷாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கதை கேட்டார். சரியான இடத்தில் கண் கலங்கினார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூப்பரு சார். நாளைக்கே பூஜை போட்டுடலாம். ஒரே ஒரு சேஞ்சு. அந்தப் பொண்ணு கடைசியில பாஸ் பண்ணிட்றா. ப்ரமோஷன் குடுக்கறாங்க. வந்து நம்ம லேஅவுட்ல ஒரு மனை வாங்கறா. போர்டு தெரியற மாதிரி ஒரு ஷாட்டு.”

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் யோசித்தேன். அப்போது ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது. நாளைக்கே பூஜை என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. பாஸ் பண்ணிவிட்டால் இந்தக் கதையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு மனைதான் மிச்சம் இருந்தது. “அவ பாஸ் பண்ண மாட்டா சார்” என்றேன்.

“இன்னா சார் நீ, அந்தப் பொண்ணுதான் புடிவாதம்னு பாத்தா, நீ அதுக்கு மேல கீறியே!”

மஸ்கட்டிலிருந்து

மே மாதம் அங்கிருந்து என் மேனேஜர் அழைத்தார். மலையாளி, நல்ல மனிதர். வருகிறாயா இல்லையா, டிக்கெட் போட வேண்டும் என்றார். கதை இன்னும் முடியவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

“எடோ, கதைன்னா இங்க வந்து எழுது, இந்த ஆபீஸ்ல வேற ஆரும் ஒரு வேலையும் செய்யறதில்லல்லோ!”

டிபன் பாக்ஸ்

தனசேகர் என் பள்ளித் தோழன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. “டேய் மச்சான், சினிமாக்காரனுங்களுக்கே சொல்லிகினு இருக்கியே, படம் பாக்கறவங்களுக்கு ஒரு தபா சொல்லேன்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைத்தான். போனேன். அவன் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டுக் குடும்பங்களும் சேர்ந்து பதினைந்து பேர். திருநெல்வேலி, தர்மபுரி, வேலூர் என்று ஆளுக்கொரு ஊர். பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர். அவர்களைத் தூங்கவிடாமல் கடைசிக் காட்சிவரை கொண்டுபோய்விட்டேன்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண், பாஸ் என்று குத்துகிற தன் ஸ்டாம்பை மேனேஜரின் மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடக்கிறாள். நானும் டீப்பாயில் ஓங்கி அடித்தேன். ஒரு குழந்தை விழித்து அழுதது. தனசேகரின் மனைவி கஸ்தூரி மட்டும் சிரித்துவிட்டாள்.

“இன்னாண்ணா, வெச்சிட்டுப் பூட்டாளா? அவ அந்தாண்ட போனதும் சூப்பர்வைசர் அதையே எடுத்துக் குத்தி லாரில ஏத்திடுவானே!”

டீப்பாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாகச் செக்கராக இருப்பதாக அப்போதுதான் சொன்னாள். தோழனின் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. நான் சரிபார்த்தது அறிக்கைகளை. மெஷின் பக்கத்தில் ஒருநாள்கூட நின்றவன் இல்லை. “ஸ்டாம்புல எங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் கீதுண்ணா. அது குத்தினா நான் குத்தினாப்லதான். பாத்ரூம் போனாக்கூடக் கையோட எடுத்துகினு போவேன்” என்றாள்.

“சரிம்மா, நீயா இருந்தா என்ன பண்ணுவ?”

“டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி, ஊட்டுக்கு எடுத்துகினு வந்துடுவேன். அப்பால எவன் லோடு ஏத்தறான்னு பாக்கலாம்!”

போன்

கதையின் பிற்பகுதி முழுவதும் அன்றைக்கே மாறிவிட்டது. இடைவேளையில் டிபன் பாக்ஸ் மூடப்படுகிறது. அதன்பிறகு, கூட்டம் நெரியும் மின்சார ரயிலில், மடியில் டிபன் பாக்ஸோடு ஒரு பெண். அதைத் தேடிக்கொண்டு ஒரு கம்பெனி. எதையும் எழுதவில்லை. ஏரிக்கரையில் மறுபடியும் நடந்தேன்.

ஜூன் கடைசி வாரம், முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் அலுவலகம் வைத்திருந்த நளினி என்ற தயாரிப்பாளரைப் பார்க்கப் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு படம் எடுத்திருந்தார். இந்த முறை பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். “சொல்லுங்க சார்” என்று சோபாவில் சாய்ந்துகொண்டார். ஜன்னல் இல்லை, கேமரா இல்லை. அவள் ஏன் மாட்டேன் என்கிறாள் என்பதில் ஆரம்பித்தேன்.

டிபன் பாக்ஸை மூடும் இடத்தில் அவருடைய போன் அடித்தது. பார்த்தார். கட் பண்ணினார். மறுபடி அடித்தது. அணைத்துத் தூரத்தில் வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சக பாவிகளே, இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் குரல் லேசாக உடைந்தது. நல்லவேளை, அந்த இடத்துக்கு அது பொருந்தியது.

கதையை முடித்தேன். “கடைசிவரைக்கும் அந்த ஸ்டாம்பு வேற யார் கைக்கும் போகலைல்ல?” என்று கேட்டார். போகவில்லை மேடம் என்றேன். “நான் எடுக்கறேன் சார்” என்றார். நான் எழுந்து கும்பிடுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

“ஆனா காதால கேட்டது எனக்கு நாளைக்கே மறந்துடும், பைண்ட் பண்ணின ஸ்கிரிப்ட் இருக்குமே, குடுங்க, படிக்கணும்.”

பின்பக்கம்

வீட்டுக்கு வந்து தேடினேன். செல்வி அதை அட்டைபோல் மடியில் வைத்து அதன் மேல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டீ வட்டம் அப்படியே இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கடைசி நாற்பது பக்கம் இனி உதவாது, இந்த மாதம் முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, மஸ்கட் மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்றும் சொன்னேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். பைண்டிங்கைப் பிரித்துக் கடைசி நாற்பது தாள்களை மட்டும் எண்ணி உருவினாள். திருப்பி, தட்டி நேராக்கி என் முன்னால் வைத்தாள்.

“பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, உக்காருங்க, மஸ்கட்டுக்கு நான் போன் பண்ணி, நீங்க வரலைன்னு சொல்லிடறேன்.”

ஆக, மாதக்கணக்கில் தொண்டை தேயப் பேசியதில் நான் கண்ட முன்னேற்றம், எழுதி முடித்திருந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இப்போது எழுபத்திரண்டாகக் குறைந்திருப்பதுதான்.