சேர்த்தால் தெரிகிறவள்

இது கட்டுக்கதை அல்ல. போன தை மாதம், திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, எங்கள் பங்காளி நாச்சிமுத்துவின் வீட்டில் நடந்தது. ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். குடும்பப் பெயர் அதில் அடிபடுவதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதே முறை.

நாச்சிமுத்து வளையாத மனிதர். தங்கை கமலவேணி தன் விருப்பத்துக்கு ஆத்தூர் சின்னராஜைக் கட்டிக்கொண்ட அன்றே தலைமுழுகியவர். அதன்பின் அவள் பெயரை உச்சரித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் சின்னராஜிடமிருந்து போன் வந்தது. கமலவேணி இறந்துவிட்டாள். பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்தாமல் உடலை எடுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம். விடியும்வரை காத்திருக்கிறோம் என்றார்.

"அப்படி யாரும் எங்கூட்ல இல்லீங்க."

வைத்துவிட்டார். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றிரவு மகள் தனப்பிரியா வாசலில் கேமராவை நிறுத்தினாள். புதுவீட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு பெரிய படம். கீழே வாசல், மேலே நட்சத்திரங்கள். கேமரா தானாகவே எண்பது படங்கள் எடுக்கும். நாச்சிமுத்து காவலுக்குக் கயிற்றுக்கட்டிலில் படுத்தார். தூக்கம் வரவில்லை. கொடியில் இளம்பிள்ளைத் தறியில் நெய்த புதுச் சேலை தொங்கியது. புதுமனை புகுவிழாவன்று குலதெய்வத்துக்குச் சாத்த, மஞ்சள் நனைத்துக் காயப்போட்டது.

காலையில் சேலையைக் காணோம். காற்று கொண்டுபோயிருக்கும் என்றார்கள்.

காற்றே அடிக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் தனப்பிரியா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து பக்கத்தில்.

"எண்பதையும் ஒண்ணா அடுக்கறதுங்கப்பா. கொஞ்சப் படத்துல மட்டும் வந்துபோறத இதுவே தூக்கிரும். பிளேனு, பூச்சி, நாயி... எவ்வளவு கறாரா தூக்கோணும்னு நாமதான் அளவு வெக்கோணும்."

"அப்ப என்னையும் தூக்கிருமா கண்ணு?"

"ராத்திரி பூரா பொரண்டுட்டே கெடந்தீங்கல்ல. மொதல்ல நீங்கதான் போவீங்க." சிரித்தாள்.

அளவு ஐந்து. படம் வந்தது. கட்டிலின் தலைமாட்டில் புகைபோல ஏதோ ஒன்று.

"யாரோ நடந்திருக்காங்க. அளவக் கொறச்சு இன்னும் இறுக்கிப் பாக்கறேன்."

மூன்று. விமானக் கோடு போயிற்று. கட்டிலில் கிடந்த நாச்சிமுத்துவும் போனார். புகை மட்டும்... தெளிந்தது.

இரண்டு. மங்கலான நட்சத்திரங்களும் அழிந்தன.

ஒரு பெண். இரண்டு கைகளையும் கட்டிலை நோக்கி நீட்டியபடி நின்றாள். இடது தோள் தாழ்ந்திருந்தது.

சிறுவயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்து முறிந்த தோள். தூக்கிக்கொண்டு ஓடியவர் நாச்சிமுத்துதான்.

"அதத் தூக்கு."

"முடியாதுங்கப்பா. வந்துபோறதத்தான் தூக்கும். இது... நின்னுட்டே இருக்குது."

ஒவ்வொரு படமாகத் திறந்தாள். எதிலும் பெண் இல்லை.

"தனியாப் பாத்தா இல்லீங்க. அவ்வளவு மங்கல். சேத்தாத்தான்..."

அறுபத்தெட்டாவது படம். கொடியில் சேலை.

அறுபத்தொன்பது. வெறும் கொடி. அது ஆடக்கூட இல்லை. நேரம் 3:46.

அதற்குப் பிந்தைய படங்களை மட்டும் தனியாக அடுக்கினாள்.

கட்டில் இருந்தது.

அவள் இல்லை.

நாச்சிமுத்து எழுந்து போனார். சோறு போட்டார்கள். தின்றார். உப்பா உறைப்பா தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சின்னராஜ் மறுபடி கூப்பிட்டார்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன் மச்சான். கோடிய அனுப்பிட்டீங்க."

நாச்சிமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"யாரு கொண்டாந்தாங்கன்னுதான் தெரியல. கொஞ்சம் கண்ணசந்துட்டோம். முழிச்சுப் பார்த்தா அவமேல போத்தியிருந்துச்சு. இளம்பிள்ளைச் சேலை. மஞ்ச வாசம். பனியில நனைஞ்சு சில்லுனு இருந்துச்சு. ஊரு முன்னாடி அவ பொறந்த வீட்டு மானம் நின்னுச்சு மச்சான்."

"அப்ப மணி என்ன?"

"நாலு அடிக்கல."

எங்கள் ஊரிலிருந்து ஆத்தூருக்குக் காரில் போனாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.