அம்மா பார்த்த நட்சத்திரக் கொத்து

கத்திரி வெயில் காலத்து முன்னிரவுகளில், தெற்கே கொஞ்சம் தாழ்வாக, ஒரு நட்சத்திரம் மட்டும் துடைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாக நிற்கும். ஒமேகா சென்டாரி. அது ஒன்றல்ல. ஒரு கோடிக்குப் பக்கமாக நட்சத்திரங்கள் உருண்டையாக நெருக்கியடித்துக் கிடக்கும் கோளக் கொத்து; வானத்தின் கிழடுகள். அதன் நடுவில் கருந்துளை ஒன்று இருக்கிறதாம். அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து நட்சத்திரங்கள் ஓடுகிற ஓட்டத்தை வைத்து அந்த இருட்டைத் தேடுகிறார்கள். என் வீட்டுக்குள்ளேயே ஓர் இருட்டு வளர்ந்துகொண்டிருந்தது. நான் தேடவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா இல்லை. மரக்காணம் உப்பளத்தில் அம்மா சுமந்த கூடைதான் எங்கள் சோறு. வெள்ளை வெயிலும் வெள்ளை உப்பும் வருடக்கணக்கில் சேர்ந்து அம்மாவின் கண்ணில் மூட்டம் போட்டுவிட்டன. அது, கூடவே உப்புச் சுமந்த பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். வரப்பில் பெரியம்மா முன்னே நடப்பாள். அவள் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா பின்னே போவாள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என்னிடம் சொல்லவில்லை. பிள்ளை வாய் எங்கே நிற்கும்?

அந்த மே மாதம், பாண்டிச்சேரியிலிருந்து சிலர் பெரிய டெலஸ்கோப்போடு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினார்கள். ஊரே வரிசையில் நின்றது. அம்மா மட்டும் ஓரமாக ஒதுங்கினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, நட்சத்திரம் கடிச்சிடுமா? வந்து பாரு."

அம்மா வரிசைக்கு வந்தாள். முன்னால் நின்ற பெரியம்மா கண்ணை வைத்த உடனே கூவினாள்: "அடியேய், மேல அம்பாரமா உப்பக் கொட்டி வச்சிருக்கான்டி!"

"அதையும் நீயே சொமந்துடு," என்றார் மேஸ்திரி.

"நீ மொதல்ல மேல போ மேஸ்திரி. பின்னாடியே கூடைய எடுத்துக்கினு வர்றேன்."

மைதானமே சிரித்தது. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அதன்பிறகு அம்மா குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"எவ்ளோ உப்பு," என்றாள்.

அடுத்து நான். வட்டத்துக்குள் வெறும் இருட்டு. "ஒண்ணுமே இல்லியேண்ணா!"

டெலஸ்கோப் அண்ணன் கண் வைத்துப் பார்த்தார். "ஆமா பாப்பா, நகர்ந்துடுச்சு. பூமி சுத்துதில்ல? நீங்க பேசிச் சிரிக்கறதுக்குள்ள ஓடியே போச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களிடம் ஒரு திருட்டைப் பிடித்துவிட்ட சந்தோஷம். "அப்ப எங்கம்மா பொய் சொல்லுது! ஒண்ணும் தெரியாமலே தெரியுதுன்னு சொல்லுது!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

அண்ணன் குழாயைத் திருப்பி எனக்கு மறுபடி காட்டினார். ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து, நடுவில் விரல் நுழையாத நெருக்கம். நான் நிமிர்ந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலை கஞ்சித் தூக்கோடு உப்பளத்துக்குப் போனேன். மேஸ்திரி அம்மாவை நிறுத்தி வைத்திருந்தார்.

"அந்தக் கடைசி அம்பாரத்து மேல யாரும்மா நிக்கறது?"

அந்த உப்புக் குவியலின் மேல் யாருமே இல்லை. அம்மா அந்தத் திசையில் முகத்தை வைத்தாள். பெரியம்மா வாயைத் திறந்தாள், மேஸ்திரி கையமர்த்தினார்.

"நம்ம ஆளுதாங்க," என்றாள் அம்மா.

அவர் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "கூடைய எறக்கி வச்சிட்டு வூட்டுக்குப் போம்மா. வரப்புல வுழுந்து ஏதாவது ஆச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அம்மா என் தோளில் கை வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை. அது செல்லம் என்று நினைத்து நான் மெல்ல நடந்தேன்.

அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன்: "எங்கம்மா இனிமே வேலைக்கே போவாது. எந்நேரமும் எங்கூடத்தான் இருக்கும்."